தாய்லாந்து பாட்டில் திருவொற்றியூரில் ஒதுங்கினால்

கேள்வி: திருவொற்றியூர் மீனவர் குப்பத்தில் இருக்கிறேன். எங்கள் இளைஞர் மன்றம் மாதம் ஒருமுறை கரையைச் சுத்தம் செய்கிறது. இந்த வாடைக்காலத்தில் தாய்லாந்து, இந்தோனேசியா எழுத்து போட்ட பாட்டில்கள் நிறைய ஒதுங்கின. "வெளிநாட்டுக் குப்பையை நாம ஏன் அள்ளணும்?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். கடல் பிளாஸ்டிக்கைக் குறைக்கப் பக்கத்து நாடுகள் சேர்ந்து ஆராய்ச்சி, கொள்கை என்று பேசுவதாகப் படித்தேன். அதில் எங்கள் குப்பத்துக்கு ஏதாவது வேலை உண்டா?

பதில்: உண்டு. அதற்கு முன் அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பார்கோடின் முதல் மூன்று எண் 885 என்றால் தாய்லாந்து, 899 இந்தோனேசியா, 479 இலங்கை, நமக்கு 890. ஆனால் அந்த எண் நிறுவனம் எங்கே பதிவானது என்பதைத்தான் சொல்லும். பாட்டில் எங்கே கடலில் விழுந்தது என்பதற்கு அதன் மேல்புறத்தைப் பார்க்க வேண்டும். பல வாரம் மிதந்து வந்தது என்றால் காம்போடு தொங்கும் குட்டிச் சிப்பி மாதிரியான உயிர்கள் ஒட்டியிருக்கும், பாசி வழுக்கும், லேபிள் வெளுத்திருக்கும். லேபிள் கடையில் வாங்கியது போலப் பளபளவென்று இருந்தால், அது அந்தமானைத் தாண்டி வந்தது என்று நம்பாதீர்கள். எண்ணூர், காட்டுப்பள்ளி, சென்னைத் துறைமுகங்களுக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கப்பலிலிருந்து பிளாஸ்டிக்கைக் கடலில் வீச, மார்போல் என்ற சர்வதேச ஒப்பந்தம் 1988 டிசம்பர் 31 முதல் தடை போட்டிருக்கிறது. ராத்திரியில் யார் பார்க்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

மூடியையும் கவனியுங்கள். பெட் (PET) பாட்டில் கடல்நீரை விடக் கனமான பிளாஸ்டிக். மூடி கழன்று தண்ணீர் புகுந்தால் அடியில் போய்விடும். மூடியோ வேறு பிளாஸ்டிக், அது தனியாக மிதந்துகொண்டே போகும். தங்கூசி வலையும் நைலான்தான், அறுந்தால் மூழ்கி, அடியில் மீனைச் சிக்க வைத்துக்கொண்டே கிடக்கும். நீங்கள் கரையில் அள்ளுவது மிதக்கிற பங்கை மட்டும்.

சரி, பெரியவர்கள் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்கான பதில் அவர்களுக்கே தெரியும். வன்னி, தெண்டி என்ற கரையோர நீரோட்டங்கள் மாறி மாறி ஓடுவதை அவர்களை விட யார் அறிவார்? அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நம் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. அதே மாதங்களில்தான் கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் ஊர்க்குப்பையை வாரிக்கொண்டு எண்ணூர் முகத்துவாரத்தில் தள்ளுகின்றன. யாழ்ப்பாணக் கரையில் ஒருவர் 890 போட்ட மசாலா பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்டால் நாம் என்ன சொல்வது?

கடலுக்கு எல்லை இல்லை என்பதை விபத்துகளும் காட்டிவிட்டன. 2021இல் கொழும்புக்கு வெளியே எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலில் ஏறத்தாழ 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் இருந்தன. 2025 மே மாதம் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் கொச்சிக்கு அருகே மூழ்கியபோது, பருப்பு அளவு மணிகள் கன்னியாகுமரிக் கரை வரை வந்தன.

நாடுகளின் பேச்சு எந்த நிலையில் இருக்கிறது? உலக ஒப்பந்தம் ஒன்று வேண்டும் என்று 2022இல் நைரோபியில் முடிவெடுத்தார்கள். 2024இல் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் கூடினார்கள், உடன்பாடு வரவில்லை. அதற்காகக் காத்திருக்காதீர்கள் என்பேன். நம் வட்டாரத்துக்கென்று கொழும்பில் 1982 முதல் இயங்கும் தெற்காசியச் சுற்றுச்சூழல் கூட்டமைப்பு இருக்கிறது. ஆறுகளிலும் கடலிலும் பிளாஸ்டிக்கைக் குறைக்க, உலக வங்கி 2020இல் ஒப்புதல் அளித்த 5 கோடி டாலர் திட்டம் அதன் கையில்தான் வந்தது. இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு சேர்ந்த வங்காள விரிகுடாத் திட்ட அமைப்பின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது.

இவர்கள் எல்லோருக்கும் தலைவலி ஒன்றுதான்: கணக்கு ஒத்துப்போவதில்லை. ஒருவர் கிலோ சொல்கிறார், ஒருவர் மூட்டை, இன்னொருவர் லாரி லோடு. "ஐம்பது மூட்டை அள்ளினோம்" என்பதைக் கொழும்புக் கணக்கோடு எப்படி ஒப்பிடுவது? குப்பத்தின் வேலை இங்கேதான் வருகிறது.

100 மீட்டர் மணற்கரையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் அதே இடம், அதே தண்ணீர் மட்டம். இரண்டு இடம் கிடைத்தால் நல்லது: ஒன்று முகத்துவாரத்தை ஒட்டி, இன்னொன்று தள்ளி. முதலாவது ஆறு கொண்டுவருவதைக் காட்டும், அடுத்தது கடல் கொண்டுவருவதை. கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களுக்குள் எண்ணாதீர்கள். நான் ஒருமுறை அந்த இடுக்குகளில் ஒரு மணி நேரம் எண்ணிவிட்டு, பாதிக்கு மேல் பழைய தேர்தல் தோரணம் என்று கண்டுபிடித்தேன்.

மூட்டை கட்டுவதற்கு முன்பே எண்ணிவிடுங்கள். மூடி, பாக்கெட், தெர்மாக்கோல், வலைத்துண்டு என்று வகைவாரியாக எண்ணிக்கை. வெளிநாட்டு லேபிளுக்குத் தனிப் பக்கம், அதில் சிப்பி ஒட்டியதா, புதிதா என்று ஒரு குறி, கூடவே ஒரு போட்டோ. வாடைக்காலமும் தெண்டிக்காலமும் ஒரு சுற்று முடிந்ததும் அந்த நோட்டைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்திடம் கொண்டுபோங்கள். கரைக்குப்பையை அளவிடுவது அவர்கள் வேலையில் ஒன்று. பளபள பாட்டில்கள் தொடர்ந்து வந்தால், அந்தப் பக்கத்தின் நகலைத் துறைமுக நிர்வாகத்துக்கும் மனுவோடு கொடுங்கள்.

கிழிந்த வலையை மட்டும் இந்த மூட்டையில் சேர்க்க வேண்டாம். பழைய வலைகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் திட்டத்தை அரசு 2024இல் காசிமேட்டில் தொடங்கியது. எண்ணி முடித்ததும் அங்கே கொண்டுபோய் விசாரியுங்கள்.