"எல்லாருக்கும் வாறதுதானே" என்று பொறுத்திருக்க வேண்டாம்

கேள்வி: எனக்கு 51 வயது. வெள்ளவத்தையில் இருக்கிறேன். மாதவிடாய் நின்று 14 மாதம். இரவில் மூன்று நாலு தரம் வியர்த்துக் கொட்டி எழும்புகிறேன். நைற்றியை மாற்றாமல் திரும்பப் படுக்க முடியாது. நெஞ்சு படபடக்கிறது, வேலையிடத்தில் காரணமில்லாமல் அழுகை வருகிறது. "எல்லாருக்கும் வாறதுதானே" என்கிறார் அக்கா. ஹோர்மோன் குளிசை எடுத்தால் புற்றுநோய் வருமா? போன கிழமை இரண்டு நாள் கொஞ்சம் இரத்தமும் பட்டது.

பதில்: சகோதரி, நீங்கள் கடைசி வரியில் எழுதியதுதான் எனக்கு முதலாவது. ஒரு வருடம் மாதவிடாய் வராமல் இருந்த பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும். பெரும்பாலும் கர்ப்பப்பையின் அல்லது பிறப்புறுப்பின் உள்தோல் மெலிந்து போனதுதான் காரணமாக இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கும். ஆரம்பத்தில் பிடித்தால் நன்றாகக் குணமாக்கலாம். இந்தக் கிழமையே பெண்நோயியல் நிபுணர் ஒருவரைப் பாருங்கள். ஸ்கான் செய்து கர்ப்பப்பை உட்சுவரின் தடிப்பைப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். அது தெளிவாகும்வரை ஹோர்மோன் தொடங்கக்கூடாது.

வியர்வைக்கு வருவோம். ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் குறைந்ததும், உடற்சூட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதி சின்னச் சூட்டுக்கும் பதறிவிடுகிறது. சராசரியாக 7 வருடம்வரை இது நீடிக்கும். அத்தனை காலம் நித்திரையில்லாமல் இருந்தால் யாருக்கும் அழுகை வரும். அது உங்கள் மனப்பலவீனம் இல்லை. அக்காவுக்கு லேசாகக் கடந்து போயிருக்கலாம், உங்களுக்கு அப்படி இல்லை. படபடப்புக்குத் தைரொயிட், இரத்தசோகைப் பரிசோதனைகளும் ஒரு ஈசிஜியும் எடுத்துவிடுங்கள்.

குளிசைப் பயம் 2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றிலிருந்து பரவியது. அதில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63. அங்கேயும் ஈஸ்ட்ரஜனும் புரொஜெஸ்டின் என்ற இன்னொரு ஹோர்மோனும் சேர்ந்த குளிசையால் மார்பகப் புற்றுநோய் கூடியது வருடத்துக்கு 1000 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் தொடங்கும் பெரும்பாலானோருக்கு நன்மையே அதிகம். எலும்புத் தேய்வையும் அது தடுக்கும். கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரஜனைத் தனியாக எடுக்கக்கூடாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும், காலிலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டியவர்களுக்கும் பொதுவாக ஹோர்மோன் கொடுப்பதில்லை. அவர்களுக்கு வென்லாபக்சின், கபாபென்டின் போன்ற வேறு மருந்துகள் உண்டு.

இரத்தம் பட்ட திகதிகளையும் இப்போது எடுக்கும் மருந்துகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் தாய்க்கோ சகோதரிகளுக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால், வைத்தியர் கேட்குமுன்பே சொல்லுங்கள்.