வெளிநாட்டுப் போனுக்கு நம்மட சிம் ஏறல்லையா, கேளுங்க சொல்றன்

கல்லடியில போன் திருத்துற வேலதான் எனக்கு. வெளிநாட்டுப் போனக் கொண்டுவந்து சிம் எடுக்குதில்ல எண்டு கிழமைக்கு நாலஞ்சு பேராவது வாறாங்க, அதான் இண்டைக்கு எல்லாரும் கேளுங்க எண்டு சொன்னன்.

செங்கலடித் தம்பி: அண்ணே, கனடா மாமா அவர் பாவிச்ச ஐபோன் 7 அனுப்பினவர். டயலொக் சிம் போட்டா "சிம் நொட் சப்போர்ட்டட்" எண்டு வருது. பழுதா?

பதில்: பழுதில்ல தம்பி, நெற்வேர்க் லொக், அதாவது வித்த கொம்பனிட சிம் மட்டும் ஓடுற மாதிரி போனப் பூட்டியிரிக்கி. கனடாவில 2017 டிசம்பர் 1ல இருந்துதான் லொக் இல்லாம விக்கணும் எண்டு விதி வந்த, உங்கட போன் 2016ல வந்த மொடல், அதால லொக்கோட வித்திருப்பாங்க. ஆனா பழைய போனயும் கேட்டா காசெடுக்காம திறந்து குடுக்கணும் எண்டு அதே விதியில இரிக்கி. லொக் போட்ட கொம்பனிதான் திறக்கணும், இஞ்ச டயலொக், மொபிட்டல், ஹட்ச் எந்த ஒபிசுக்குப் போனாலும் அலைச்சல்தான். *#06# அடிச்சா 15 இலக்கத்தில ஐஎம்ஈஐ நம்பர், அதாவது அந்தப் போன்ட அடையாள நம்பர் வரும், அத மாமாக்கு அனுப்புங்க, அவர் தன்ட கொம்பனியோட கதைச்சாச் சரி. ஐபோனுக்கு திறக்கிற கோட் ஒண்டும் வராது, அவங்க திறந்தாப் பிறகு வைபைல போட்டு நம்மட சிம்ம ஏத்துங்க, அப்பவும் எடுக்கல்லண்டா படமெல்லாம் பெக்கப் எடுத்துட்டு அழிச்சுத் திரும்ப செட் பண்ணுங்க. செற்றிங்ஸ்ல ஜெனரல், அபௌட் போய்ப் பாருங்க, கரியர் லொக் எண்ட இடத்தில "நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்" எண்டு இருந்தா திறந்தாச்சு.

காத்தான்குடி ராத்தா: தங்கச்சிட மாப்பிள்ள அமெரிக்காவில தவணைக்கு எடுத்த போன அனுப்பியிரிக்காரு தம்பி. இன்னும் கட்டி முடியல்ல. இப்பவே திறக்கேலுமா?

பதில்: அது எந்தக் கொம்பனி எண்டதப் பொறுத்த ராத்தா. ஏடி அண்ட் டி எண்ட அமெரிக்க நெற்வேர்க் கொம்பனி எண்டா இப்ப ஏலாது, 60 நாளாவது அவங்கட நெற்வேர்க்கில ஓடியிருக்கணும், முழுக் காசும் கட்டி முடிஞ்சிருக்கணும். அவர நிப்பாட்டாமக் கட்டச் சொல்லுங்க, கட்டாம விட்டா அந்தப் போன்ட ஐஎம்ஈஐ நம்பரையே கறுப்புப் பட்டியல்ல போட்டுருவாங்க, பிறகு கெஞ்சினாலும் திறக்கமாட்டாங்க.

களுவாஞ்சிக்குடி அக்கா: கடையில சிம்முக்குக் கீழ ஒரு மெல்லிசான சிப் வச்சுத் தந்தாங்க, கொஞ்ச நாள் வேல செஞ்ச, அப்டேட் போட்டதும் சிக்னல் இல்ல தம்பி. மகன் அனுப்பின போன்.

பதில்: அக்கா, அத ஆர்-சிம் எண்டு சொல்ற. அது லொக்கத் திறக்கிறல்ல, போன ஏமாத்துற. அப்டேட் வந்தா அந்த ஏமாத்து பிடிபட்டுரும், திரும்பக் காசு குடுத்து வேற சிப் வாங்கணும், அதுவும் எத்தின நாளைக்கெண்டு தெரியா. மகன் அங்க கஷ்டப்பட்டு உழைச்சு அனுப்பின போன், இனி இதுக்கு ஒரு சதமும் குடுக்காதீங்க. பில் யார்ட பேரில இரிக்கோ அவர் கேட்டாத்தான் கொம்பனி கேக்கும், மகனயே கேக்கச் சொல்லுங்க. இங்கிலாந்தில வாங்கினதெண்டா 2021 டிசம்பர் 17க்குப் பிறகு லொக் போட்டு விக்கிறதே தட, ஜப்பானிலயும் அந்த வருசம் ஒக்டோபரில இருந்து அப்பிடித்தான். அடுத்த முற வாங்கக்குள்ள லொக் இல்லாததாப் பாத்து எடுக்கச் சொல்லுங்க.

அக்கரைப்பற்றுத் தம்பி: சாம்சுங்ல அன்லொக் கோட் கேக்குது காக்கா, இண்டர்நெட்ல கிடைச்ச நம்பரெல்லாம் போட்டுப் பாக்கன்.

பதில்: உடனே நிப்பாட்டுங்க! கணக்குக்கு மேல பிழையாப் போட்டா கோட் அடிக்கிற வழியே அடைபட்டுரும், பிறகு சரியான கோட் வந்தும் பிரயோசனமில்ல.

கல்முனை மச்சான்: பழைய போன் வாங்கக்குள்ள என்ன பாக்கணும்?

பதில்: உங்கட சிம்மப் போட்டு ஒரு கோல் எடுத்துப் பாருங்க, அதுக்குப் பிறகுதான் காசு. ஐஎம்ஈஐ எண்டு அடிச்சு இடைவெளி விட்டு நம்பரப் போட்டு 1909க்கு மெசேஜ் அனுப்பினா அந்தப் போன் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில பதிஞ்சிருக்கா எண்டு வரும். ஐகிளவுட் லொக், அதாவது ஐபோன முந்தின ஆள்ட ஆப்பிள் கணக்கோட பூட்டியிருக்கிறது, வேற விசயம் மச்சான், முந்தின ஆள் தன்ட பாஸ்வேர்டப் போட்டுக் கழட்டித் தரணும், எந்த நெற்வேர்க் கொம்பனியாலயும் அதத் திறக்கேலாது. வித்தவர் பிறகு கழட்டித் தாறன் எண்டு சொன்னா போன அவர்ட கையிலயே குடுத்துட்டு வாங்க.