மலை ஓவியம் அச்சிட்ட காபிக் குவளைகளை வீட்டு விசேஷத்துக்குக் கொடுக்கலாமா? அச்சு நிலைக்குமா?

தாராளமாகக் கொடுக்கலாம். படத்தைக் கடையில் ஒப்படைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

போன வருடம் என் அப்பச்சியின் எண்பதாம் கல்யாணத்துக்கு நாற்பது குவளை செய்தோம். படம், என் மகள் நீர்வண்ணத்தில் வரைந்த பிரான்மலை. பாரி ஆண்ட பறம்பு இதுதான் என்று அப்பச்சி சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். செங்குத்தான பாறை, அதன் இடுப்பில் மூடுபனி, அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில். பத்து நாள் உட்கார்ந்து வரைந்தாள்.

காரைக்குடியில் ஒரு கடையில் கொடுத்தேன். முதல் இருபது குவளை வந்தபோது வயிறு எரிந்தது. நிமிர்ந்து நின்ற பாறை கண்மாய்க் கரைபோலப் படுத்துக் கிடந்தது. வழக்கமான குவளையில் அச்சிடும் இடம் சுமார் 20 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் உயரம். நெட்டையான ஓவியத்தை அந்த நீளத்துக்கு இழுத்து நிரப்பிவிட்டார்கள். கேட்டால், "மலை என்றால் அகலமாகத்தானே இருக்கும்" என்று பதில். அந்தச் சொல் இன்னும் ஆறவில்லை.

மறுபடி செய்யவைத்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கித் தெளிவு கெடும். அதனால் ஓவியத்தை ஸ்கேன் செய்து பென் டிரைவில் கொண்டுபோனேன். நீள அகல விகிதம் மாறாமல் கைப்பிடிக்கு இருபுறமும் ஒவ்வொன்றாக வைக்கச் சொன்னேன். குடிப்பவருக்கு ஒரு மலை, எதிரே இருப்பவருக்கு ஒரு மலை. இந்த அச்சில் வெள்ளை மை கிடையாது. குவளைப் படத்தில் பனியாகத் தெரிவது, குவளையின் சொந்த வெண்மைதான். பாறையின் கருநீலம் அந்த வெண்மையில் கரையும் இடத்தை மகள் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

நிலைக்குமா என்றால், கழுவும் கையைப் பொறுத்தது. தாளில் இடவலம் மாற்றி அச்சடித்து, குவளையில் சுற்றி, ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் சில நிமிடம் அழுத்துகிறார்கள். மை ஆவியாகி, பீங்கான்மேல் பூசிய பாலிமர் படலத்துக்குள் போய்ப் பதிகிறது. கம்பி நாரால் தேய்த்தால் அந்தப் படலம் கீறும், படமும் போகும்.

"என் சீரில் வந்த சுவீடன் எனாமல் தூக்குவாளி இன்றும் மங்கவில்லை, இதெல்லாம் எத்தனை நாளைக்கு?" என்று அத்தை ஒருவர் பந்தியிலேயே கேட்டார். இங்கேயும் அப்படிக் கேட்க யாராவது வருவீர்கள். எனாமல் என்பது 800 டிகிரி அளவில் இரும்பின்மேல் உருக்கிப் படியவைத்த கண்ணாடி. இரண்டையும் ஒப்பிடுவது நியாயமே இல்லை. அவ்வளவு அருமை தெரிந்தவர்கள் மற்ற எனாமல் சாமான்களை ஏன் பழைய சாமான் வியாபாரியிடம் மொத்தமாகப் போட்டார்கள்? பூர்வீக வீட்டின் பர்மாத் தேக்குக் கதவை நிலையோடு பெயர்த்து விற்றபோது பங்காளிகளில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. மகள் வரைந்த படத்துக்குக் குறை சொல்ல மட்டும் எல்லோருக்கும் வாய் இருக்கிறது.

நான் அச்சுத் தொழில் செய்பவன் அல்ல, யாருக்கும் விளம்பரமும் செய்யவில்லை. முதலில் ஒரே ஒரு குவளை அடித்து வாங்கிப் பாருங்கள், அதன் பிறகு முன்பணம் கொடுங்கள். அப்பச்சியின் குவளையை இன்றுவரை நானே பஞ்சு வைத்துக் கழுவுகிறேன். ஒரு வருடம் தாண்டிவிட்டது, பாறையின் ஓரக்கோடு அப்படியே இருக்கிறது.