கனவு இளவரசன் கதைகளை மகள் படிப்பதைத் தடுக்க வேண்டுமா?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் எந்நேரமும் கனவு இளவரசன் வகைக் காதல் கதைகளையே படிக்கிறாள். நிஜத்தில் அப்படி ஒருவன் கிடைக்க மாட்டான் என்று புரியாமலேயே வளர்ந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. தடுக்கலாமா?

தடுக்க வேண்டாம். கையிலிருந்து பிடுங்கினால் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு படிப்பாள். என்ன படிக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியாமல் போவதுதான் மிச்சம். ஆனால் உங்கள் பயத்தில் பாதி நியாயமானது. எந்தப் பாதி என்று சொல்கிறேன்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு வாடகை நூலகத்தில் பல வருஷம் வேலை பார்த்தேன். சின்னக் கடை, மூன்று பக்கமும் கூரை வரை அலமாரி. வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். டீச்சர்கள், பேங்க் வேலைக்காரர்கள், பேத்தியை டியூஷனில் விட்டுவிட்டு அப்படியே எட்டிப்பார்க்கும் பாட்டிகள். காதல் நாவல்கள்தான் அதிகம் கைமாறும். தலைப்புகள் எல்லாம் ஒரே சாயலில் இருப்பதால், படித்ததையே மறுபடி எடுத்துப்போய்விடக் கூடாதென்று ஆளுக்கொரு அடையாளம் வைப்பார்கள். ஒருவர் பதினேழாம் பக்க எண்ணைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போடுவார். இன்னொருவர் கடைசிப் பக்க மூலையில் ஒரு குட்டி நட்சத்திரம். நன்றாக ஓடிய நாவலில் இப்படி ஏகப்பட்ட ரகசியக் குறிகள் இருக்கும்.

நான் கவனித்தது வேறொன்று. பலரும் திரும்பத் திரும்பப் படித்த இடத்தில் புத்தகம் தானாகவே விரிந்துகொள்ளும். அது முத்தக் காட்சியாக இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? பெரும்பாலும் இல்லை. அவளுக்குக் காய்ச்சல், அவன் ராத்திரி முழுக்கத் தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அல்லது சொந்தக்காரர்கள் கூடியிருக்கும் இடத்தில் யாரோ அவளை மட்டம் தட்ட, அவன் எழுந்து அவள் பக்கம் நின்று ஒரே ஒரு வாக்கியம் பேசுகிறான். அந்தப் பக்கங்கள்தான் ஓரம் நைந்து, விரல் பட்டுக் கறுத்திருக்கும். ஆறடி உயரம், கூர்நாசி, அலையலையான கேசம் எல்லாம் முதல் அத்தியாயத்தோடு சரி. அதையெல்லாம் யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை.

அதனால் கனவு இளவரசன் என்ற பாத்திரத்தின் உயிர் அழகிலோ காசிலோ இல்லை, அவன் அவளைக் கவனிப்பதில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். கவனிக்கத் தெரியாத இளவரசன் வெறும் அலங்காரம். 1937-இல் வந்த டிஸ்னியின் ஸ்னோ ஒயிட் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இளவரசனுக்கு அதில் பெயர்கூடக் கிடையாது. தொடக்கத்தில் பாடுகிறான், கடைசியில் வந்து முத்தம் கொடுத்து எழுப்புகிறான், அவ்வளவுதான். கிரிம் சகோதரர்களின் கதையில் அந்த முத்தமும் இல்லை. அவர்களுடைய கடைசிப் பதிப்பில், பெட்டியைச் சுமந்துபோகும் வேலைக்காரர்கள் கால் தடுக்கியதில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்து அவள் விழித்துக்கொள்கிறாள்.

நம் பக்கமும் பழைய உலா நூல்களில் இதே கதைதான். அரசன் வீதியில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவப் பெண்களும் அவனைப் பார்த்து மயங்கி வளை கழன்று நிற்பார்கள். அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பான். கம்பர் என்ன செய்தார் பாருங்கள். வால்மீகியில் திருமணத்துக்கு முன்பு ராமனும் சீதையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் காட்சியே இல்லை. கம்பர் மிதிலை வீதியில் அதை உண்டாக்குகிறார். 'அண்ணலும் நோக்கினான் அவளும் நோக்கினாள்.' மாடத்தில் நிற்பவளை இளவரசனும் நிமிர்ந்து பார்க்கிறான். அந்த ஒரு வரி இத்தனை நூற்றாண்டாகச் சாதாரண ஜனங்களின் வாயில் புழங்குவதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் மகளுக்கு ஒரு நல்ல இளவரசனை அறிமுகப்படுத்த வேண்டுமென்றால் வந்தியத்தேவனிடம் அனுப்புங்கள். 1950-இல் கல்கி இதழில் தொடராகத் தொடங்கிய பொன்னியின் செல்வனில் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை மேல் வருகிறானே, அவன். (அந்த ஏரிதான் இன்றைய வீராணம். சென்னையில் நாம் குடிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது.) வாணர் குலத்து இளவரசன், ஆனால் ஆள ஒரு சாண் நிலம் கிடையாது. வாய் ஓயாது. குடந்தை சோதிடர் வீட்டுக்குள் தடாலடியாக நுழைந்து சோழ இளவரசி குந்தவை முன்னால் தடுமாறி நிற்கிறான். அதைவிட முக்கியமானது பிறகு வருகிறது. நாட்டுப்புறக் கதை இளவரசன் இளவரசியை அடைவதற்காகக் கடல் தாண்டுவான். இவன் கடல் தாண்டுவது குந்தவை ஓர் ஓலையைக் கொடுத்து இலங்கையில் இருக்கும் தன் தம்பி அருள்மொழியிடம் சேர்க்கச் சொன்னதால். அரசியலில் அவள் தன்னைவிடக் கெட்டிக்காரி என்பது அவனுக்குத் தெரியும். அதில் அவனுக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அந்தக் கடலில் அவனுக்குப் படகு ஓட்டுவதும் ஒரு பெண், பூங்குழலி. கதைக்குப் பெயர் கொடுத்த அருள்மொழி இருக்க, அம்மா, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறையும் வந்தியத்தேவனை நேசிப்பதை நூலகத்தில் கண்ணால் பார்த்தவள் நான்.

இனி உங்கள் பயத்தின் நியாயமான பாதி. இப்போது அதிகம் ஓடும் கதைகளில் இளவரசன் கம்பெனி எம்.டி. ஆகிவிட்டான். ஓஎம்ஆரில் கண்ணாடிக் கட்டடம், ஈசிஆரில் கடலைப் பார்த்த பங்களா. அது போகட்டும், கனவில் பங்களா இருந்துவிட்டுப் போகட்டும். என்னைக் கோபப்படுத்துவது அவனுடைய கை. மணிக்கட்டு கன்றிப்போகும்படி பிடித்து இழுக்கிறான். பழிவாங்குவதற்காக அவள் சம்மதம் இல்லாமல் தாலி கட்டுகிறான். அறைகிறான், அறைக்குள் பூட்டுகிறான். இருபதாவது அத்தியாயத்தில் அவனுடைய சின்ன வயதுக் காயம் ஒன்று வெளியே வருகிறது. உடனே அவள் அழுது, மன்னித்து, அவன் தோளில் சாய்ந்துவிடுகிறாள். இது காதல் இல்லை. நம் தெருவிலேயே ஏதோ ஒரு வீட்டில் கதவுக்குப் பின்னால் நடக்கும் கொடுமைக்கு இளவரசன் வேஷம் போட்டிருக்கிறார்கள். இதைப் பதினைந்து வயதில் நூறு தடவை படித்தால், வலிக்கும்படி பிடிப்பதுதான் ஆசை என்று மனது பழகிவிடும். நீங்கள் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

தொல்காப்பியர் இதற்கு என்றைக்கோ வழி சொல்லிவிட்டார். மனதின் உணர்வுகள் உடலில் வெளிப்படுவதைப் பேசும் மெய்ப்பாட்டியல் என்ற பகுதியில் தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்க வேண்டிய பத்துப் பொருத்தங்கள் வரும். பிறப்பு, குடிமை, ஆண்மை, வயது, உருவம் என்று தொடங்கி அருள், உணர்வு, செல்வம் வரை. அழகும் காசும் அதில் உண்டு, அவர் அதையெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த நூற்பாவில் இருக்கவே கூடாதவற்றை அடுக்குகிறார். பொறாமை, கொடுமை, தன்னைத்தானே வியந்துகொள்வது, வன்சொல், சோம்பல், குடும்பப் பெருமை பேசித் திளைப்பது, ஒப்பிட்டுப் பார்ப்பது என்று நீள்கிறது அது. அந்த எம்.டி. நாயகனை இதன் பக்கத்தில் நிறுத்துங்கள். முதல் பத்தில் அநேகமாக எல்லாம் தேறிவிடுவான். இரண்டாவதில் கொடுமை, வன்சொல் என்ற இடத்திலேயே விழுந்துவிடுவான்.

அப்புறம், நிஜத்தில் கிடைக்க மாட்டான் என்று தெரியாமல் போய்விடுமோ என்கிறீர்கள். அது தெரியும். நூலகத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. குக்கரை வைத்துவிட்டு ஓடி வந்து புத்தகம் மாற்றிப் போகிறவளுக்கு எது கதை, எது வீடு என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். கவனிக்கப்பட வேண்டும் என்று ஒரு பெண் ஆசைப்படுவதில் தப்பும் இல்லை. அந்த ஆசையைக் குறைத்துக்கொள் என்று மகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. அவள் இப்போது படிக்கும் கதையை நீங்களும் படியுங்கள். படித்துவிட்டு அறிவுரை சொல்லாமல் சண்டை போடுங்கள். அறைந்தவனை இவள் ஏன் மன்னித்தாள், உன் சிநேகிதிக்கு இது நடந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று கேளுங்கள். இந்த வயதுப் பெண்கள் இதில் நம்மைவிட நன்றாக வாதாடுவார்கள். ஒரு சனிக்கிழமை சந்திரலேகாவையும் சேர்ந்து பாருங்கள். இன்றைய அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருந்ததே ஜெமினி ஸ்டுடியோ, அவர்கள் தயாரித்து 1948-இல் வெளியிட்ட படம். முரசு நடனத்துக்காகத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் குகைக் காட்சியைக் காட்டுங்கள். பாறை வைத்து அடைக்கப்பட்ட இளவரசனைச் சர்க்கஸ் யானைகளை வைத்துக் காப்பாற்றுகிறவள் கதாநாயகிதான். ஜனவரியில் புத்தகக் கண்காட்சிக்குக் கூட்டிப்போய்க் கையில் பணத்தைக் கொடுத்து, அவளே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். வாங்கி வந்ததில் எம்.டி. கதை ஒன்று இருந்தாலும் பரவாயில்லை, அடுத்த சண்டைக்கு ஆகும்.