பழைய தெருப் படங்களில் இருப்பவர்கள் யார்? கேள்வி பதில்

தொழிலாளர்கள் ஆலையிலிருந்து வெளியே வருவதைக் காட்டும் இங்கிலாந்தின் பழைய ஆலைவாசல் திரைப்படங்களில் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிப்பது ஏன்?

ஓரிரு நாளில் தங்களையே திரையில் பார்க்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும். பிளாக்பர்ன் ஊரின் மிட்செல், கென்யன் என்ற இருவர், திருவிழாத் திடல்களில் கொட்டகை போட்டுப் படம் காட்டியவர்களுக்காக 1900 முதல் எடுத்தவை இவை. எத்தனை முகம் பதிகிறதோ அத்தனை டிக்கெட். அதனால்தான் கேமரா ஆள் உயரத்தில், வாசலுக்கு நேரே நிற்கிறது. ஒரு காட்சியை நிறுத்திப் பாருங்கள்: தலையைச் சுற்றிச் சால்வை போர்த்திய நெசவுப் பெண்கள், காலில் மரக்கட்டைச் செருப்பு, முண்டியடித்து முன்னால் வரும் சிறுவர்கள். 12 வயதுப் பிள்ளை பாதி நாள் ஆலையிலும் பாதி நாள் பள்ளியிலும் இருக்கலாம் என்று சட்டமே அனுமதித்த காலம் அது. 1994-இல் பிளாக்பர்னில் ஒரு கடையின் நிலவறையில், உலோகப் பீப்பாய்களுக்குள் சுமார் 800 சுருள்கள் அகப்பட்டன. அவை குப்பைக்குப் போயிருந்தால் இத்தனை முகங்களும் போயிருக்கும். நினைத்தாலே பதறுகிறது.

வண்ணம் சேர்த்த பிரதிகளைப் பார்க்கலாமா?

ஆராய்ச்சிக்கு வேண்டாம். அந்த நிறம் கணினியின் ஊகம். சால்வையின் நிறத்தை வைத்து ஏழை, பணக்காரர் என்று முடிவு கட்டினால் ஊகத்தின் மேல் ஊகம்தான் மிஞ்சும்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ தெருவைக் காட்டும் 1906-ஆம் ஆண்டுப் படத்தில் கார்கள் நிறைய ஓடுகின்றன. அப்போதே அத்தனை கார்களா?

இல்லை. அந்த ஆண்டு நகரையே அழித்த நிலநடுக்கத்துக்குச் சில நாள் முன்பு, மார்க்கெட் வீதியில் ஓடிய டிராமின் முன்புறத்தில் கேமராவை வைத்து எடுத்த படம் அது. சில கார்களைக் கூர்ந்து கவனியுங்கள். போன கார் சுற்றிக்கொண்டு மறுபடியும் வரும். நகரம் செழிப்பாகத் தெரிய வேண்டும் என்று யாரோ ஆசைப்பட்டிருக்கிறார்கள்.

வண்ணப் பிரதியில் முகம் தெளிவாக இருக்கிறதே?

மேலே சொல்லிவிட்டேன்.

சாப்ளின் படத் தெருக்கள்?

பல ஸ்டுடியோவில் கட்டியவை. நகைச்சுவைப் படங்களை ஆராய்பவர்களைக் கேளுங்கள்.

கார்களை ஏற்பாடு செய்திருந்தால் அது ஜோடித்த படம். அதை எப்படிச் சான்றாக எடுப்பது?

ஏற்பாடும் சான்றுதான். எதைக் காட்ட ஆசைப்பட்டார்கள் என்பதற்குச் சான்று. கேமராவின் உயரத்தையும் பாருங்கள். 1903-இல் எடிசன் நிறுவனம் நியூயார்க்கின் யூதக் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த பகுதியில் மீன் சந்தையைப் படமெடுத்தது, உயரத்திலிருந்து. பிளாக்பர்னில் படமானவர்களே பார்வையாளர்கள். நியூயார்க்கிலோ வேடிக்கை பார்ப்பவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

மழுப்புகிறீர்கள். சினிமாவின் முன்னோடிகளான பிரான்சின் லூமியேர் சகோதரர்கள், தொழிலாளர்கள் வெளியே வரும் படத்தையும் ஒன்றுக்கு மேல் முறை எடுத்தார்கள் அல்லவா?

எடுத்தார்கள், மறுக்கவில்லை. லியோனில் தங்கள் தொழிற்சாலை வாசலிலேயே மூன்று முறை. ஒன்றில் ஒரு குதிரை, இன்னொன்றில் இரண்டு, மற்றொன்றில் குதிரையே இல்லை. வெளியே வருமாறு சொன்னவர்கள் முதலாளிகள். அது கூலி வாங்கும் இடத்து உத்தரவு. இதையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்றுதான் மன்றாடுகிறேன்.

உத்தரவுக்கு நடந்தவர்களிடம் அவர்கள் வாழ்க்கை எங்கே தெரியும்?

அதே வாசலில் ஒரு பெண், பிரிந்து வேறு பக்கம் போகும் தோழியின் பாவாடையைப் பிடித்து இழுத்துவிட்டுப் போகிறாள். அதைச் செய்யச் சொல்லி எந்த முதலாளியும் உத்தரவிட்டிருக்க மாட்டார்.