வாசலைத் தாண்டினால்தான் கணக்கு

வீட்டிலிருந்தே வேலை, வீட்டிலிருந்தே படிப்பு என்றிருக்கும் குடும்பங்களின் கடிதங்களை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். கழுத்து வலி, முதுகு வலி, முழங்கால் வலி என்று வருபவர்களைத் தினமும் பார்க்கும் இயன்முறை மருத்துவர் நான். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நானும் கணவரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறோம். எட்டு வயது மகளும் பதினொரு வயது மகனும் வீட்டிலேயே படிக்கிறார்கள். எல்லாம் முடிந்ததும் நால்வரும் வெளியே போகலாம் என்று தினமும் நினைக்கிறோம். முடிவதற்குள் இருட்டிவிடுகிறது. நாள் முழுக்க யாருமே வாசலைத் தாண்டாமல் போவது வழக்கமாகிவிட்டது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: காலையிலிருந்து ஆரம்பியுங்கள் சகோதரி. வீட்டு வேலையும் ஆபீஸ் வேலையும் ஒரே கூரைக்குக் கீழ் வந்துவிட்டால் எதற்கும் முடிவு இருக்காது. ஒன்று முடிந்தால் இன்னொன்று எட்டிப்பார்க்கும். அதனால் வெளியே போவதை மிச்ச நேரத்துக்கு விடாமல், கால அட்டவணையில் முதல் வரியாக எழுதுங்கள். லேப்டாப் திறப்பதும் பாடப்புத்தகம் எடுப்பதும் அதற்குப் பிறகுதான்.

ஆபீஸ், பள்ளி என்று போய்வந்துகொண்டிருந்தபோது நாம் கணக்கில் வைக்காத எத்தனையோ நடை இருந்தது. பஸ் நிறுத்தம் வரை நடந்தோம், மாடிப்படி ஏறினோம். பிள்ளைகள் இடைவேளை மணி அடித்ததும் ஓடினார்கள். இவை உடற்பயிற்சி என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் உடம்பு அதை வைத்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது. 1953-ல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் தன் குழுவினரோடு சேர்ந்து லண்டன் மாடிப் பேருந்து ஊழியர்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரே பேருந்தில் வேலை பார்க்கும் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, நாள் முழுக்கப் படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. கண்டக்டர்களை நடக்க வைத்தது அவர்களுடைய வேலையேதான். வீட்டிலிருந்து வேலை பார்க்கும்போது நம் கையை விட்டுப் போனது அப்படிப்பட்ட நடைதான். அதைத்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

ஆகவே நால்வரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். இருபது நிமிடம் ஒரு சுற்று சுற்றி, அதே வாசல் வழியாக ஆபீஸுக்கும் பள்ளிக்கும் 'வந்து சேருங்கள்'. காலை வெளிச்சம் கண்ணில் படும்போது மூளைக்குள் இருக்கும் கடிகாரம் சரியாகிறது. இரவில் தூக்கமும் நேரத்துக்கு வரும். தூக்கம் ஒழுங்கானால் மறுநாள் காலையில் பிள்ளைகளை எழுப்பும் போராட்டமும் குறையும்.

பகலில் இன்னும் இரண்டு தடவை வெளியே போகும்படி பாருங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குள்ள பெரிய வசதி, மணி உங்கள் கையில் இருப்பது. வாய்ப்பாடு சொல்வதற்கும், செய்யுள் மனப்பாடம் செய்வதற்கும், ஓர் இலையைப் பார்த்து வரைவதற்கும் மேசை தேவையில்லை. பாடத்தை வெளியே நடத்துவது கஷ்டமாக இருந்தால், ஒரு பாடத்துக்கும் அடுத்த பாடத்துக்கும் நடுவில் கால் மணி நேரம் வெளியே அனுப்பினாலும் போதும். "வா, எக்சர்சைஸ் செய்யலாம்" என்று கூப்பிட்டால் எட்டு வயதுப் பிள்ளை வராது. ஸ்கிப்பிங் கயிற்றையோ பந்தையோ கையில் கொடுத்தால் வரும். பதினொரு வயதுக்காரனிடம் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். தங்கை ஒரு சுற்று ஓடிவர எத்தனை விநாடி ஆகிறது என்று அவன் பார்க்கட்டும். பிறகு அவனே ஓட ஆசைப்படுவான்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான அசைவு வேண்டும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அதுதான் மிதமான வேகம். முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று சொல்லிவந்தார்கள். 2020-ல் அதை எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும்.

நீங்களும் கணவரும் முறை வைத்துக்கொள்ளுங்கள். வெறுமனே கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய மீட்டிங்கை நடந்தபடியே கேட்கலாம். ஆனால் பிள்ளைகளோடு தெருவில் போகும்போது அது கூடவே கூடாது. அந்த நேரத்தில் காதும் கண்ணும் அவர்கள் மேல்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: வீட்டில் ட்ரெட்மில் வாங்கிவிட்டோம். பிள்ளைகள் டிவியில் வீடியோ போட்டு ஆடுகிறார்கள், நன்றாக வியர்க்கிறது. ஜன்னல் வழியாக வெயிலும் வருகிறது. இதற்கு மேல் எதற்கு வெளியே போக வேண்டும்?

பதில்: இதயத்துக்கும் தசைக்கும் வேண்டியது வீட்டுக்குள்ளேயே கிடைக்கிறது, மகிழ்ச்சி. அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் பிள்ளைகளின் கண்ணுக்கு வேண்டியது கிடைக்கவில்லை.

நன்றாக விளக்கெரியும் அறை என்று நாம் நினைப்பதில் சுமார் 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சம்தான் இருக்கும். வெளியே, பளிச்சென்ற பகலில், நிழலில் நின்றால்கூட அதைப்போலப் பல மடங்கு. நேர் வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். நம் கண் உடனே பழகிக்கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. விழித்திரைக்குத் தெரியும். பிரகாசமான வெளிச்சத்தில் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. வளரும் வயதில் கண் பின்பக்கமாக அளவுக்கு மீறி நீண்டுவிடாமல் அது தடுக்கிறது என்பதுதான் ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியமான விளக்கம். அப்படி நீண்டுவிட்டால் வருவதுதான் கிட்டப்பார்வை.

சீனாவின் குவாங்சோவில் பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2015-ல் வெளியானது. சில பள்ளிகளில் ஆறு வயதுப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது, அப்படி விடாத பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே போன பிள்ளைகளில் அது 30.4 சதவீதம். வேறு எதையும் மாற்றாமல், வெளியே விட்டதற்கே கிடைத்த பலன் இது. தைவானில் 2010-லிருந்து பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியே இருக்க வைக்க ஒரு திட்டமே நடக்கிறது. ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போட உதவும். ஏற்கெனவே வந்த பவரைப் போக்காது. கண்ணாடி போட்ட பிள்ளை அதைப் போட்டுக்கொண்டே விளையாடட்டும், கண் மருத்துவரிடம் காட்டுவதும் தொடரட்டும்.

அடுத்து ஜன்னல் வெயில். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதா பி கதிரைச் சாதாரண ஜன்னல் கண்ணாடி கிட்டத்தட்ட முழுவதுமாக நிறுத்திவிடுகிறது. ஆகவே மூடிய ஜன்னலுக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் அந்தப் பலன் இல்லை. அதற்காகக் கொளுத்தும் வெயிலில் பிள்ளைகளை நிறுத்தவும் வேண்டாம். வெயிலின் கடுமையைக் காட்டும் புற ஊதாக் குறியீடு 3 அல்லது அதற்கு மேல் போனால் தொப்பியும், உடலை மூடும் துணியும், நிழலும் வேண்டும். கண்ணுக்கு வேண்டிய வெளிச்சம் மர நிழலிலேயே கிடைத்துவிடும்.

கேள்வி: எனக்குப் பதின்மூன்று வயது. விளையாட்டு வரவே வராது. ஓடினால் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குப் புத்தகம் படிக்கத்தான் பிடிக்கும். அம்மா தினமும் "வெளியே போ" என்று திட்டுகிறார். நான் என்ன செய்வது?

பதில்: தங்கமே, நீயே உட்கார்ந்து எழுதி அனுப்பியிருக்கிறாயே, அதற்கே உனக்கு ஒரு பாராட்டு. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போ. மரத்தடியில் உட்கார்ந்து படி. ஆஸ்திரேலியாவில் சிட்னிப் பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்த ஓர் ஆய்வு 2008-ல் வந்தது. கிட்டப்பார்வை குறைவாக இருந்தது வெளியே அதிக நேரம் இருந்த பிள்ளைகளிடம்தான். உள்ளரங்கில் விளையாடிய விளையாட்டுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. ஆகவே படிக்கிற பிள்ளைக்கும் வெளியே இடம் உண்டு. ஓர் அத்தியாயம் முடிந்ததும் தலையைத் தூக்கித் தூரத்தில் இருக்கும் எதையாவது கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்ததை ஆரம்பி.

ஆனால் உன் எலும்புக்காக ஒன்று கேட்கிறேன், தட்டாதே. வாழ்நாள் முழுக்கத் தாங்கப்போகும் எலும்பின் பெரும்பகுதி வளரும் வயதில்தான் சேர்கிறது. எலும்பு உறுதியாவதற்குத் தரையில் பாதம் மோத வேண்டும். ஸ்கிப்பிங், படியேறி இறங்குவது, தாவிக் குதிப்பது என்று எதுவானாலும் சரி, வாரத்தில் மூன்று நாளாவது செய். யாரும் பார்க்காத மூலையில் செய்தாலும் எலும்பு ஏற்றுக்கொள்ளும். பிடித்த தோழி ஒருத்தி இருந்தால் அவளோடு பேசிக்கொண்டே வேகமாக நட. அதுவும் உடற்பயிற்சிதான். ஓடுவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் செய்வது தப்பு. அது உன் குறை கிடையாது.

இவளுடைய அம்மாவுக்கு: திட்டி அனுப்பினால், வெளியே போவதே தண்டனை என்று பிள்ளையின் மனதில் பதிந்துவிடும். நீங்களும் கூடப் போய் உட்காருங்கள் அம்மா.

கேள்வி: வயது 42. நாள் முழுக்க மீட்டிங். மாலையில் ஒரு மணி நேரம் நடந்து 10,000 அடி முடித்துவிடுகிறேன். ஆனாலும் இடுப்பும் கழுத்தும் பிடித்துக்கொள்கின்றன. ஏன்?

பதில்: எட்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்ததை ஒரு மணி நேர நடை முழுவதுமாகச் சரிசெய்துவிடாது சார். உங்கள் நடையில் குறை இல்லை. குறை அதற்கு முந்தைய எட்டு மணி நேரத்தில் இருக்கிறது. 10,000 என்ற எண்ணையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை எண்ணும் கருவியோடு பரவிய எண். வயதான பெண்களிடம் செய்த ஓர் ஆய்வு 2019-ல் வந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் போனபோது ஆயுள் பலன் கூடவில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது இடைவெளி. 2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், உடல் எடை கூடியவர்களை 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பி 2 நிமிடம் நடக்க வைத்தார்கள். தொடர்ந்து உட்கார்ந்திருந்த நாளைவிட, சாப்பிட்ட பிறகு ஏறும் ரத்தச் சர்க்கரை குறைவாக இருந்தது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை உங்களால் எழ முடியாமல் போகலாம். மீட்டிங்குக்கு மீட்டிங் எழுந்து வாசலுக்கு வெளியே போய் வர முடியும்.

வெளியே போனதும் இதைச் செய்யுங்கள். வாசற்படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி, குதிகால் அந்தரத்தில் இருக்கும்படி நின்று, சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். குதிகாலை மெதுவாக மேலே தூக்கி, ஒரு கணம் நிறுத்தி, படிமட்டத்துக்குக் கீழே இன்னும் மெதுவாக இறக்குங்கள். கெண்டைக்கால் இறுகுவது தெரியும். கால் பக்கம் தேங்கிய ரத்தத்தை இதயத்துக்கு மேலேற்றுவது அந்தத் தசைதான். பத்துப் பன்னிரண்டு முறை போதும். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டி, பார்வையைத் தெருக்கோடிக்கு அனுப்புங்கள்.

கழுத்துக்கு இன்னொரு விஷயம். வலி என்று வருபவர்களிடம், வீட்டில் எப்படி வேலை பார்க்கிறீர்களோ அப்படியே இங்கே செய்து காட்டுங்கள் என்று கேட்பேன். ஒரு சிறுவன் என் பரிசோதனைக் கட்டிலில் குப்புறப் படுத்தான். முழங்கையை ஊன்றி, மோவாயை உள்ளங்கையில் தாங்கி, டேப்லெட்டை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டான். பாடம் முழுவதும் இப்படித்தான் என்றான். கழுத்தின் பின்பக்கத் தசைகள் அப்போதே கயிறாக இறுகிக்கிடந்தன. நீங்களும் ஒருமுறை வீட்டில் யாரையாவது விட்டுப் பக்கவாட்டிலிருந்து உங்களைப் படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். காது தோளுக்கு நேராக இல்லாமல் முன்னால் வந்திருந்தால், திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்துங்கள். கை மரத்துப்போனாலோ, வலி காலுக்கு இறங்கினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எனக்கு 66 வயது. சர்க்கரை இருக்கிறது. பகலில் பேரப் பிள்ளைகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அவர்களோடு நானும் வெளியே போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா. சாப்பிட்டபின் மெதுவாக நடப்பது சர்க்கரைக்கும் நல்லது. வெறும் காலோடு வேண்டாம். விரலை நெருக்காத ஷூவோ செருப்போ போடுங்கள். திரும்பி வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்த்துக் கொப்புளமோ வெட்டோ இருக்கிறதா என்று கவனியுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள், நடையைக் கூட்டும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கையில் இனிப்பு ஏதாவது இருக்கட்டும். பேரப் பிள்ளைகளுக்குச் சமமாக ஓட வேண்டும் என்று நினைக்காதீர்கள். நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே உட்கார்ந்து ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கடும் வெயில், புகைமூட்டம், மழை என்றால் என்ன செய்வது?

பதில்: வெயில் காலத்தில் அதிகாலையும் அந்தியும் போதும். தாகம் வரும்வரை காத்திருக்காமல் தண்ணீர் கொடுங்கள். வெயிலில் ஆடிய பிள்ளை உளறினாலோ குழம்பினாலோ அது அவசரம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நனைத்து, விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். காற்றின் தரக் குறியீடு மோசம் என்று காட்டும் நாளில் ஓட்டமும் சைக்கிளும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு இன்னும் கண்டிப்பாக. குளிர்காலத்தில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று புகையை மேலே போக விடாது. அதனால் விடியற்காலையைவிடச் சற்று வெயில் ஏறிய பிறகு போவது மேல்.

சாதாரண மழையில் நனைவதற்குப் பயப்பட வேண்டாம். நனைந்த துணியை மாற்றிக்கொண்டால் சரி. இடி கேட்டால் மட்டும் உடனே உள்ளே வந்துவிடுங்கள், மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகு மறுபடி வெளியே போகலாம்.