மோல்ஸ்வொர்த்தும் மீட்டர் கேஜும்

அன்புள்ள ஐயா,

சிவில் படிக்கிறேன். இலங்கை ரயில்வேயில் இருந்து இந்திய அரசின் ஆலோசகப் பொறியாளராக வந்த கில்ஃபோர்ட் மோல்ஸ்வொர்த்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளின் காப்பியை இறக்க ரயில் விட்டவரை நாம் ஏன் நினைக்க வேண்டும்? எங்கே தொடங்குவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கண்டி ரயில் காப்பிக்காகத்தான் வந்தது. அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் முத்திரை குத்தியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிற சோம்பல் இருக்கிறதே, அதுதான் எரிச்சல். பொறியியல் படிக்கிற பிள்ளை, முதலில் தண்டவாளத்தைப் பார்க்க வேண்டாமா?

1867-ல் கண்டிக்கு ரயில் போனது. வழியில் கடுகண்ணாவை மலையில் 45 அடிக்கு ஓரடி ஏற்றம். அதில் ஏறியது, இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ஐந்தரை அடி இருக்கிற அகலப் பாதை. 1871-ல் மோல்ஸ்வொர்த் இந்தியாவுக்கு வந்தபோது, புதிய அரசுப் பாதைகளுக்கு மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலம்தான் என்று வைஸ்ராய் மேயோ பிரபு முந்தைய ஆண்டே முடிவெடுத்திருந்தார். சின்னப் பாலம், இலேசான எஞ்சின், மைலுக்குச் செலவு குறைவு. மோல்ஸ்வொர்த் எதிர்த்தார். அவர் சொன்னது எடுபடவில்லை.

அகலப் பாதையும் மீட்டர் கேஜும் சந்திக்கிற இடத்தில் என்ன ஆகும் என்பது அந்தச் சிக்கனக் கணக்கில் இல்லை. சிறுவயதில் அப்படி ஒரு யார்டை வேடிக்கை பார்த்திருக்கிறேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கூட்ஸ் வண்டிகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒவ்வொரு சிமெண்ட் மூட்டையும் ஒரு மனிதனின் முதுகில்தான் போனது. அந்த முதுகுக்கு எந்த மதிப்பீட்டில் இடம் இருந்தது? 1914-ல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கப்பல் ஓடத் தொடங்கியபோதும் இந்தக் கரையில் மீட்டர் கேஜ், அந்தக் கரையில் அகலப் பாதை. 1992-ல்தான் எல்லாவற்றையும் ஒரே அகலமாக்கும் திட்டத்தை அரசு கையில் எடுத்தது. ஒரு முறை மிச்சம் பிடித்ததற்கு, பிடுங்கிப் போட்டு இன்னொரு முறை செலவு!

மனிதர் கோபித்துக்கொண்டு ராஜினாமா செய்யவும் இல்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார், அப்புறம் அதே அரசில் 1880-களின் கடைசி வரை வேலை பார்த்தார். இது கோழைத்தனமா, கடமையா? எனக்கு இரண்டு பக்கமும் மனம் போகிறது. எஸ்டிமேட் போட உங்கள் கல்லூரியில் சொல்லித்தருவார்கள். மேலதிகாரி போட்ட எஸ்டிமேட்டை மறுத்து ஃபைலில் எழுத யார் சொல்லித்தருகிறார்கள்?



சரி, எங்கே தொடங்குவது? 1871-ல் தொடங்குங்கள். "1828-ல் இங்கிலாந்தில் பிறந்தார்" என்று ஆரம்பித்தால் நான் படிக்க மாட்டேன். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள் தம்பி.